பூங்காவுக்கு விட்ட இடத்தில் நகராட்சி வாகன நிறுத்தம் அமைக்கலாமா?

கேள்வி கேட்டவர் காவிரிக் கரையோரம் உள்ள ஒரு நகராட்சியில் குடியிருக்கிறார். இருபது வருடத்துக்கு முன்னால் மூன்று ஏக்கர் நஞ்சையில் போட்ட நகர், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கியது. நடுவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் இருபது சென்ட் இருக்கும். பூங்கா வரவே இல்லை, புதர்தான் மண்டிக் கிடக்கிறது. பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் வந்த பிறகு முகூர்த்த நாளில் தெருவுக்குள் கார்கள் நுழைந்து, வீட்டு வாசலில்கூட நடக்க முடியவில்லை. குடியிருப்போர் சங்கம் மனு கொடுத்தது. தெருமுனைத் தள்ளுவண்டிகளையும் எடுக்கச் சொல்லி அதே மனுவில் எழுதியிருக்கிறார்கள். நகராட்சியோ அந்தப் பூங்கா இடத்தில் பேவர் பிளாக் பதித்துக் கட்டண வாகன நிறுத்தம் அமைக்க மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டது. கேட்டால், "அது நகராட்சி சொத்து, என்ன செய்வது என்று நகராட்சிதான் முடிவு பண்ணும்" என்கிறாராம் கவுன்சிலர். இதைத் தடுக்க முடியுமா, யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

யாரிடம் மனு கொடுப்பது என்பது அப்புறம். நகராட்சி பெயரில் இருக்கிற இடத்தை நகராட்சி நினைத்தபடி பயன்படுத்தலாமா என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. டெல்டா நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கவுன்சிலர் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம், இரண்டாம் பாதி தவறு.

அந்த இடம் நகராட்சிக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். விலை கொடுத்து வாங்கியதில்லை. மனைப்பிரிவு போடுகிறவர் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டால்தான் ஒப்புதல் என்ற விதியால் வந்தது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டர் வரை என்றால் இப்படி விட வேண்டியதில்லை. 3,000-க்கு மேல் 10,000 வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது, இடத்தைத்தான் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். 10 சதவீதம் என்ற கணக்கு 2019-க்கு முன்பும் இருந்தது. மூன்று ஏக்கர் என்பது 12,000 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம்; ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கு இருபது சென்ட் வருவது கணக்குக்குப் பொருந்துகிறது. இப்படி இலவசமாக இடம் வாங்குவதே செல்லாது என்று சென்னையில் தொடுத்த வழக்கில், விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. குடியிருப்பவர்களுக்குக் காற்றும் வெளியும் வேண்டும் என்பதுதான் அந்த விதிக்கு இருக்கும் ஒரே நியாயம். அதைச் சொல்லி வாங்கிய இடத்தில் கட்டண வாகன நிறுத்தம் நடத்தினால், வாங்கியதற்கான நியாயமே போய்விடுகிறது.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்கு நகர வளர்ச்சி அமைப்பு கொடுத்தது. மருத்துவமனையும் பொதுமக்களுக்கு நல்லதுதானே என்று வாதாடினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திட்டத்தில் பூங்கா என்று இருப்பதை அப்படி மாற்றித் தர அதிகாரம் கிடையாது என்றும், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்றும் சொன்னது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று சொன்னால் எந்த வக்கீலுக்கும் தெரியும். "இதைக் கேட்க நீங்கள் யார்?" என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் அந்தத் தீர்ப்பே பதில். அப்புறம், டிடிசிபி ஒப்புதல் தந்த வரைபடத்தை நகராட்சி தன் மன்றத் தீர்மானத்தால் மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது.

இவ்வளவும் நிற்பது இரண்டு காகிதங்களின் மேல். ஒன்று ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், இன்னொன்று தானப் பத்திரம். வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டியோ கோடு போட்டோ அந்தத் துண்டைக் காட்டி, உள்ளே "பூங்கா" என்று எழுதியிருப்பார்கள். பக்கத்திலேயே "பொது உபயோகம்" என்று சின்னதாக வேறொரு துண்டும் இருக்கக்கூடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போதைய விதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், பூங்கா போக இன்னொரு 1 சதவீதத்தை மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்குமாகப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீர்த் தொட்டி போன்றவை அதில் வரலாம். உங்கள் இருபது சென்ட் அந்த வகையைச் சேர்ந்தது என்று நகராட்சி வாதாடினால், முடிவு சொல்வது வரைபடத்தில் உள்ள எழுத்துதான்.

தானப் பத்திரத்தை எடுத்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் எழுதிய தபசிலுக்குப் போங்கள். "30 அடி ரோட்டுக்கு வடக்கு, 14-ஆம் மனைக்குக் கிழக்கு" என்கிற மாதிரி நான்கு எல்லை இருக்கும். அதை வரைபடத்தோடும், தெருவில் நின்று உங்கள் கண்ணோடும் ஒத்துப் பாருங்கள். பிறகு முன்பக்கம் திரும்பி, என்ன காரியத்துக்காகத் தானம் என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். "பூங்கா உபயோகத்திற்காக" என்று இருந்தால் உங்கள் கை வலுவானது. "ரோடு, பூங்கா மற்றும் பொது உபயோகத்திற்காக" என்று மொத்தமாக ஒரே வரியில் அடைத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் வரைபடம் உங்களுக்குத் துணை நிற்கும், வாதம் மட்டும் கொஞ்சம் நீளும். பதிவான பத்திரம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம், நகராட்சியின் தயவு தேவையில்லை. பத்திர எண் தெரியாவிட்டால் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

வில்லங்கத்தில் தானப் பத்திரமே வரவில்லை என்றால் என்ன செய்வது? பழைய நகர்களில் இது நிறைய நடந்திருக்கிறது. இடத்தை வரைபடத்தில் மட்டும் காட்டிவிட்டு, எழுதிக் கொடுக்காமலே மனை விற்றவர் போயிருப்பார். அல்லது பத்திரம் பதிவாகியும், வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் மாறாமல் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பத்து வருடம் கழித்து அவருடைய வாரிசு பட்டாவைக் காட்டி இடத்தை விற்க வருவார். நகர நில அளவைப் பதிவேட்டில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேறு பெயர் இருந்தால், நகராட்சி பெயருக்கு, பூங்கா என்ற குறிப்போடு மாற்றச் சொல்லி ஆணையருக்கும் தாசில்தாருக்கும் தனியாக ஒரு மனு கொடுங்கள். நகராட்சியோடு சண்டை போட்டுக்கொண்டே நகராட்சி பெயருக்குப் பட்டா கேட்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இடம் தனியார் கைக்குப் போய்விட்டால் பூங்காவா வாகன நிறுத்தமா என்று பேசவே இடமிருக்காது. மூன்று வருடத்தில் அரசு கையகப்படுத்தாத இடம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டுப் போகும் என்று 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, மனை விற்றவர்கள் அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்துக்கு அது பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி உறுதியில்லாத பகுதி. உங்கள் நகர் அப்ரூவல் வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வாங்கியதா, அல்லது அங்கீகாரமில்லாமல் போட்டு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சரி செய்ததா? வரன்முறை செய்ததென்றால் நான் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தாது. அப்படிப்பட்ட பல நகர்களில் பூங்கா என்பது புரோக்கர் நோட்டீஸில் மட்டும்தான் இருந்திருக்கும். நோட்டீஸ் சட்டப்படி வரைபடம் ஆகாது. அடுத்தது, இருபது வருடமாக அங்கே பூங்கா இல்லாதது. இதனால் உரிமை போய்விடாது. ஆனாலும் "சும்மா கிடக்கிற இடம், பாம்பு வருகிறது என்று அவர்களேதான் மனு கொடுத்தார்கள்" என்று பதில் மனுவில் எழுத அது வசதியாக இருக்கும். சங்கம் பழைய வருடங்களில் என்னென்ன மனு கொடுத்தது என்று தேடி எடுங்கள். பூங்கா அமைத்துத் தரச் சொல்லி ஒரே ஒரு பழைய மனு, அலுவலக முத்திரையோடு இருந்தாலும் அது பெரிய ஆதாரம். நீதிமன்றம் எவ்வளவு சீக்கிரம் தடை கொடுக்கும், கொடுக்குமா என்பதையெல்லாம் முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். டெல்டாவில் நகர் என்றாலே நேற்றுவரை நாற்று நட்ட வயல். மனை போடுகிறவர் மேட்டை விற்றுவிட்டு, பள்ளத்தையும் பழைய வாய்க்கால் ஓரத்தையும் பூங்காவுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். புல வரைபடத்தை வாங்கி அந்த இருபது சென்ட்டுக்குள்ளோ ஓரத்திலோ வாய்க்கால் உட்பிரிவு போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தப் பகுதி புறம்போக்கு, அதில் கல் பதிக்க நகராட்சிக்கே வழியில்லை. போகாவிட்டாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். களிமண் பூமியில் தண்ணீர் இறங்கவே நேரமாகும். அந்தப் பள்ளத்தை மேடாக்கிக் கல் பதித்தால் சுற்றியுள்ள வீடுகளுக்குள்தான் தண்ணீர் வரும். சட்டம் பேசினால் முகம் திருப்பிக்கொள்ளும் பொறியாளர்கூட இந்தப் படத்தைப் பார்த்தால் யோசிப்பார்.

இப்போது வண்டிகள். இந்தப் பாதியை விட்டுவிட்டால் பூங்காவையும் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் வாசலில் கார் நிற்கிற வரைக்கும் உங்கள் தெருவிலேயே பாதிப் பேர் நகராட்சி பக்கம் நிற்பார்கள். நெருக்கடி பொய்யில்லை. கும்பகோணத்தை எடுத்துக்கொண்டால், நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்களின் வேனும் பஸ்ஸும் வருடம் முழுக்க வருகின்றன. அடுத்த மகாமகம் 2028-ல். தஞ்சாவூரில் நான்கு ராஜ வீதிகளும் கார் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் போட்ட வீதிகள். இங்கே வாகன நிறுத்தத்துக்கு இடம் தேடுவது உள்ளாட்சியின் கடமையேதான். அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை, பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் ஓர் இனமாகவும், வாகன நிறுத்துமிடத்தை இன்னோர் இனமாகவும் நகராட்சியின் வேலைகளில் சேர்த்திருக்கிறது. ஒன்றைச் செய்ய இன்னொன்றை அழிக்கலாம் என்று அதில் இல்லை.

உங்கள் தெருவில் நிற்கிற வண்டிகள் மகாமகத்துக்கு வந்தவை அல்ல, ஒரே மண்டபத்துக்கு வந்தவை. அதனால் மண்டபத்தின் கட்டட அனுமதி வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தரைத்தளத் தாளில் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கார் நிறுத்துமிடம் என்று காட்டியிருப்பார்கள். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முகூர்த்த நாளில் அதே தரைத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பந்தி மேசைகள், சுவரோரம் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், பின்பக்கம் தகரம் அடித்த சமையல்கட்டு. நான் பார்த்த மண்டபங்களில் இது சர்வ சாதாரணம். வண்டி நிறுத்த விட்ட இடத்தைச் சாப்பாட்டுக் கூடமாக்கினால் மண்டபத்துக்கு வாடகை கூடும், வண்டிகளைத் தெரு சுமக்கும். உங்கள் மண்டபமும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, வரைபடத்தைப் பார்க்காமல் நீங்களும் அப்படிக் குற்றம் சாட்டாதீர்கள். அப்படித்தான் என்று தெரிந்தால், அனுமதிக்கு மாறான பயன்பாட்டைச் சரிசெய்ய நோட்டீஸ் கொடுக்கும் பொறுப்பு நகராட்சியுடையது. கல்யாண மண்டபத்துக்கு 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், அது தாசில்தார் கையில் இருக்கிறது. அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தனியார் மண்டபம் விழுங்கிய வாகன நிறுத்தத்தை ஊரார் பூங்காவில் ஈடுகட்டுவதா என்று கேட்டால், மன்றத்தில் அதற்குப் பதில் சொல்வது கடினம்.

தெருவைப் பொறுத்தவரை உங்கள் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். கார் ஏற சாய்தளம், இரண்டு படி, துளசி மாடம் என்று ஒவ்வொரு வீடும் தெருவுக்குள் மூன்றடி வந்திருந்தால், 30 அடி ரோடு 24 அடிதான். புகார் கொடுத்ததும் சர்வேயர் சங்கிலியோடு வந்தால் முதலில் அளப்பது அதைத்தான். வீட்டு முன்னால் உள்ள தெரு வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை, அங்கே இன்னொருவர் கார் நிறுத்துவதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. நுழைவாயிலை மறித்தால், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நின்றால், அப்போது போலீஸ் எடுக்கலாம். நிறுத்தக் கூடாத தெரு என்று அறிவிப்பு வேண்டுமானால் போக்குவரத்துப் போலீஸும் நகராட்சியும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருபக்கம் மட்டும் நிறுத்தலாம், முகூர்த்த நாளில் மண்டபமே ஆள் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். மண்டபம் இருக்கும் மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அந்த ஓரத்து ஆக்கிரமிப்புக்கு நகராட்சியைத் திட்டிப் பயனில்லை.

தள்ளுவண்டிகளைப் பற்றிய வரியை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். சட்டம் இருக்கட்டும். முகூர்த்த நாளில் வந்து நிற்கும் நாற்பது கார்களால் வந்த தொல்லைக்கு, தினமும் அதே முனையில் இட்லி விற்றுப் பிழைக்கிற அம்மாவைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. உங்களுக்குச் சாதகமாகப் பேசக்கூடிய ஆட்களையும் அது எதிரில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வேலையை இப்படி ஆரம்பியுங்கள். முதலில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு: மன்றத் தீர்மானத்தின் நகல், அதற்கு முன்வைத்த அலுவலகக் குறிப்பு, மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், மதிப்பீடு, டெண்டர் விவரம். பூங்கா, திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது, அதன்படி நகராட்சி பட்டியல் வைத்திருக்கிறதா, அதில் இந்த இடம் உண்டா என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அதற்காகக் காத்திருக்காமல், ஆணையருக்கும் டிடிசிபியின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சேபணைக் கடிதத்தை இப்போதே ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அதில் பூங்காவை மட்டும் பேசுங்கள். மண்டபமும் பார்க்கிங்கும் வேறு மனுவில் போகட்டும். ஒரே மனுவில் நான்கு விஷயம் இருந்தால் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை முடிப்பார்கள், இது எந்த அலுவலகத்திலும் நடப்பது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனு கடைசியில் அதே நகராட்சிக்குத்தான் திரும்பி வரும். ஆனாலும் கொடுங்கள், ஒப்புகை எண் பின்னால் உதவும். வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் இப்போது சட்டப்படி இருக்கின்றன. அங்கே பேசி, பேசியதைப் பதிவில் எழுத வையுங்கள். கவுன்சிலரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், பாதி நேரம் அவருக்கும் தானப் பத்திரம் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

பூங்கா அமைக்க நிதி இல்லை என்று ஒரு பதில் வரும். நிதி இல்லை என்பது நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப ஒரு காரணமாகாது என்று ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு சாக்கடை பற்றியது, பூங்கா பற்றியது அல்ல, அதனால் அதை அளவோடு பயன்படுத்துங்கள். பெரிய செலவும் தேவையில்லை. சுற்றி வேலி, புங்கன் வேம்பு என்று பத்து மரம், நான்கு பெஞ்சு, "நகராட்சிப் பூங்கா" என்று ஒரு பலகை போதும். ஒரு விஷயம், சங்கமே வேலி போட்டுப் பூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது ஊருக்குப் பொதுவான இடம், பின்தெருப் பிள்ளைகளும் வந்து விளையாடத்தான் செய்வார்கள்.

டெண்டர் வந்து வேலை உத்தரவும் கொடுத்துவிட்டால் தாமதிக்காமல் உயர் நீதிமன்றம் போங்கள். கல் பதித்த பிறகு போனால், செலவழித்த பணத்தைக் காட்டியே இழுப்பார்கள். தஞ்சாவூர், திருச்சி மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. நீங்கள் எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. வரைபடத்தில் அந்தத் துண்டு இருக்கும் பகுதியையும், தானப் பத்திரத்தில் நோக்கம் எழுதிய பக்கத்தையும், சொந்தப் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். அதைப் படித்த பிறகுதான் உங்கள் வழக்கு எவ்வளவு வலுவானது என்று என்னால் சொல்ல முடியும்.